பச்சைக்கல் கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து: அண்ணை, அம்மம்மாவின் மோதிரத்தில் ஒரு பச்சைக்கல் இருக்கிறது. இரத்தினபுரி மரகதம் என்று சொல்லித்தான் வாங்கினார்களாம். உண்மையாக இருக்குமா?

இரத்தினபுரிக் கல்லாக இருக்கலாம் தங்கச்சி, மரகதமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே நீலம், புஷ்பராகம், வைடூரியம் எல்லாம் தோண்டி எடுக்கிறார்கள். மரகதம் மட்டும் விற்கிற அளவுக்கு நம் நாட்டில் கிடைப்பதில்லை. பச்சை நிறத்தில் வருவது பெரும்பாலும் டூர்மலின், சிர்க்கோன், சிலவேளை பச்சைச் சபையர். அம்மம்மா ஏமாந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அவையும் நல்ல கற்கள்தான்.

நிலாவெளியிலிருந்து: ஒரு கீறல்கூட இல்லாத மரகதம் என்று கடையில் காட்டினார்கள். விலையும் மலிவு. வாங்கலாமா?

வேண்டாம். குற்றமே இல்லாத மரகதம் அத்தனை அரிது, அப்படி ஒன்று இருந்தால் மலிவாக வராது. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். கொலம்பியாக் கல்லில் ஊசிமுனை அளவு குழி ஒன்றுக்குள் துளி நீர், அந்த நீரில் ஒரு காற்றுக் குமிழி, பக்கத்திலேயே சதுரமான உப்புப் பளிங்கு, மூன்றும் சேர்ந்து தெரியும். கல் வளர்ந்தபோது உள்ளே அடைபட்ட உப்புநீர் அது. வெறும் கண்ணாடியென்றால் உருண்டைக் குமிழிகள்தான் மிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மரகதமும் சந்தையில் உண்டு, அதை லென்ஸை மட்டும் நம்பிப் பிரிக்க முடியாது. கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் சோதித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை வணிகர் வைத்திருந்த மரகதத்துக்கும் ஏகை, மாலை, இருள் என்ற குற்றங்கள் இல்லை என்றுதான் பெருமை பேசப்படுகிறது. அந்தக் காலத்திலேயே குற்றம் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள்!

கிண்ணியாவிலிருந்து: மொகலாயர் காலத்தில் துஆ (பிரார்த்தனை) செதுக்கிய மரகதம் உண்டென்று கேள்விப்பட்டேன்.

உண்டு நானா. 217.80 கரட், உயரம் ஐந்து சென்டிமீட்டர் அளவு. ஒரு பக்கம் பூ வேலைப்பாடு, மறுபக்கம் துஆவும் ஹிஜ்ரி 1107 என்ற ஆண்டும், அதாவது 1695-96. ஔரங்கசீப் ஆண்ட காலம். ஆனால் அந்த எழுத்து பன்னிரண்டு இமாம்களையும் வேண்டும் ஷியா துஆ, அவரோ சுன்னி. ஆகவே அவருக்காகச் செய்ததல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. கல்லோ கொலம்பியாவில் பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்தச் சுரங்கங்களைக் கைப்பற்றிய பிறகு கடல் கடந்து இந்தியாவுக்கு மரகதம் குவிந்தது. அதற்கு முன் உரோமருக்குப் பச்சை கொடுத்தது எகிப்தின் கிழக்குப் பாலைவனம். மரகதம் சேர்ந்த அதே பெரில் என்ற கனிமக் குடும்பத்து நீலப்பச்சைக் கல்லுக்கு அந்நாளில் பேர்போனது தமிழ்நாட்டில் காங்கேயத்துப் பக்கத்துப் படியூர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

உவர்மலையிலிருந்து: பாங்கொக்கில் இருக்கும் மரகதப் புத்தர் முழு மரகதமா ஐயா?

இல்லை. ஜேட் அல்லது ஜாஸ்பர் வகைப் பச்சைக்கல் என்பார்கள். சிலை 66 சென்டிமீட்டர் உயரம், அத்தனை பெரிய மரகதத்துக்கு எங்கே போவது? தமிழ்நாட்டு உத்தரகோசமங்கைக் கோயிலின் மரகத நடராசரைப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழித் திருவாதிரையை ஒட்டிப் போங்கள். மற்ற நாட்களில் சந்தனக் காப்புத்தான்.

மூதூரிலிருந்து: புதனுக்கு மரகதம் போட்டால் படிப்பு வருமா?

அதைச் சாத்திரியாரிடம் கேளுங்கள் தம்பி.

சாம்பல்தீவிலிருந்து: மங்கிப்போன மரகதத் தோட்டை எப்படிக் கழுவுவது?

கொதிநீர் வேண்டாம், அல்ட்ராசோனிக் இயந்திரத்திலும் போடாதீர்கள். உள்வெடிப்புகளை மறைக்கக் கல்லுக்கு எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சூடு பட்டால் அது வடிந்து வெடிப்பு வெளியே தெரியும். இளஞ்சூட்டு நீர், கொஞ்சம் சவர்க்காரம், மெல்லிய பிரஷ் போதும். தோட்டைத் திருத்தக் கொடுத்தால், நெருப்பு வைக்கும் முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள்.