பை சுமந்த தோள் மட்டை பிடிக்கக் கூடாதா?

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகன், பக்கத்துத் தோட்டத்துக் கோல்ஃப் திடலுக்குக் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பை சுமப்பவனாகப் போய் ஆடவும் கற்றுக்கொண்டான். இப்போது பள்ளியை விட்டுவிட்டு, ஃபிஜியின் கோல்ஃப் வீரர் விஜய் சிங்கைப் போலத் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகப்போகிறேன் என்கிறான். என் அண்ணனோ, "அது துரைமார் ஆட்டம், அந்த விஜய் சிங்கே கணக்கைத் திருத்தி மாட்டியவர்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாயார், பீடோங், கெடா

பதில்: இருவர் பேச்சையும் அப்படியே கேட்காதீர்கள், அம்மா.

முதலில் உங்கள் அண்ணனுக்கு. துரைமார் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த நினைப்பு மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. எம். ராமையாவும் பி. குணசேகரனும் நம் நாட்டிலிருந்து போய்த் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்கள்தாம். பை சுமந்த தோள் மட்டை பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கணக்கு விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி உண்மை. 1985இல் இந்தோனேசிய ஓப்பன் போட்டியில் எத்தனை அடி அடித்தார் என்ற கணக்கு அட்டையைத் திருத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, விஜய் சிங் ஆசியச் சுற்று என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரிலிருந்து தடை செய்யப்பட்டார். அவர் அதை மறுத்தார். கோல்ஃபில் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் நடுவர் நிற்பதில்லை. உடன் ஆடுபவர் உங்கள் கணக்கை எழுதுவார். நீங்கள் குழிக்குக் குழி சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஐந்து அடித்த குழிக்கு நான்கு என்றிருக்கும் அட்டையில் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். அதனால்தான் அந்தக் குற்றச்சாட்டு அவரை இன்றுவரை விடவில்லை. உங்கள் மகன் முதலில் கற்க வேண்டியதும் இதுதான்.

இனி மகனுக்கு. ஃபிஜித் தீவின் லவுடோக்காவில் 1963இல் பிறந்து, விமானப் பழுதுபார்ப்பாளரான அப்பாவிடம் ஆட்டம் கற்ற விஜய் சிங்கின் 2004ஆம் ஆண்டைத்தான் தம்பி பார்க்கிறான்: ஒன்பது பட்டங்கள், ஒரு கோடி டாலருக்கு மேல் பரிசு, டைகர் உட்ஸை இறக்கி உலகின் முதலிடம். அப்போது அவருக்கு வயது 41. அமெரிக்கச் சுற்றில் அவர் வென்ற 34 பட்டங்களில் 22 நாற்பது வயதுக்குப் பின் வந்தவை. தடைக்குப் பிறகு அவர் எங்கே இருந்தார் தெரியுமா? நம் சரவாக்கின் மீரியில்! கிளப் ஒன்றில் சம்பளத்துக்குப் பிறருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து, மிஞ்சிய நேரத்தில் தன் ஆட்டத்தைச் செதுக்கினார். யாரும் படமெடுக்க வராத அந்த ஆண்டுகளைத் தம்பி படிக்கட்டும். அதன் பிறகுதான் 1988இல் நைஜீரிய ஓப்பன், 1998இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000இல் மாஸ்டர்ஸ் எல்லாம்.

இன்னொன்று. பெரும்பாலான தொழில்முறைப் போட்டிகள் நான்கு நாள் நடக்கும். இரண்டாம் நாள் மாலை ஏறக்குறையப் பாதிப் பேர் கழிக்கப்படுவார்கள். பொதுவாக அவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. விமான டிக்கெட், ஹோட்டல் வாடகை, கேடிக்கூலி எல்லாம் கைப்பணம். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழும் இல்லாமல் அந்தச் செலவுக்கு யாரிடம் போய் நிற்பான்?

நீங்கள் இவ்வளவு எழுதியும் அவனுடைய ஹேண்டிகேப் எத்தனை என்று எழுதவில்லை. திடலுக்கு வகுத்த அடிக்கணக்கைவிட ஒருவர் ஏறக்குறைய எத்தனை அடி கூடுதலாக அடிப்பார் என்பதைக் காட்டும் எண் அது. தொழில்முறைக்குத் துணிகிறவர்கள் அமெச்சூராக இருக்கும்போதே பூஜ்யத்தை எட்டியிருப்பார்கள். தேர்வை எழுதி முடிக்கட்டும். மலேசிய கோல்ஃப் சங்கத்தின் வழியாக இளையோர் போட்டிகளில் இறங்கட்டும். ஓராண்டு கழித்து அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். அது பூஜ்யத்தை நெருங்கியிருந்தால், அண்ணனிடம் நானே பேசுகிறேன்.