துப்பாக்கி வாங்குவதற்கான பின்னணிச் சோதனை 9 நாளாக நிலுவையில்: என்ன செய்யலாம்?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். கிரீன் கார்டு வாங்கி 6 ஆண்டாகிறது. மான் வேட்டைக்காக ரைஃபிள் வாங்கப் போனேன். கடையில் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்ததும் ‘டிலேய்டு’ என்று வந்தது. 9 நாளாகியும் பதில் இல்லை. இங்கே படிக்க வந்த புதிதில் என்மீது ஒரு சிறு வழக்கு வந்து தள்ளுபடியானது. அதுதான் காரணமா? மனைவி குடியுரிமை பெற்றவர். அவரை வாங்கச் சொல்லலாமா? வாங்கினால் அரசிடம் பதிவாகுமா?

பதில்: மனைவியைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் கடையில் நிரப்பிய அந்த ஃபார்ம் 4473-இல், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்காக, உங்கள் பணத்தில் வாங்கிக்கொண்டு அவர் ‘ஆம்’ என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். 10 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். யாருக்காக வாங்கப்பட்டதோ அவருக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி இருந்தாலும் குற்றம் குற்றமே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குடியுரிமை இல்லாத உங்களுக்கு ஆயுதக் குற்றம் நாடுகடத்தல்வரை போகும். சில வாரக் காத்திருப்புக்காக இவ்வளவையும் பணயம் வைக்கலாமா?

இனி தாமதத்துக்கு வருவோம். கடைக்காரர் அனுப்பும் விவரத்தை எஃப்.பி.ஐ.யின் ‘நிக்ஸ்’ என்ற பின்னணிச் சோதனை அமைப்பு சரிபார்க்கிறது. 1998 நவம்பரிலிருந்து இது நடப்பில் இருக்கிறது. ‘ப்ரொசீட்’ (கொடுக்கலாம்), ‘டிலேய்டு’ (தாமதம்), ‘டினைடு’ (மறுப்பு) என்று மூன்றில் ஒன்று பதிலாக வரும். ‘டிலேய்டு’ என்றால் உங்கள் விவரத்தோடு ஒத்துப்போகிற மாதிரி ஏதோ ஒரு பதிவு கண்ணில் பட்டிருக்கிறது, யாராவது உட்கார்ந்து அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். உங்கள்மீது சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடியேற்றத் துறையின் பதிவையும் கூடுதலாகத் தேடுவார்கள். அதிலேயே நேரம் போகலாம்.

இந்தச் சோதனையில் கைரேகை கிடையாது. பெயர், பிறந்த தேதி போன்றவற்றை வைத்துத்தான் தேடுகிறார்கள். தமிழர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஓரிடத்தில், ஓட்டுநர் உரிமத்தில் வேறிடத்தில், பழைய கல்லூரி ஆவணத்தில் வெறும் இனிஷியல் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். ஃபார்மில் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிறபடியே பெயரை எழுதுங்கள். சட்டப்படியான பெயரிலேயே இனிஷியல் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்றும், நடுப்பெயர் இல்லையென்றால் ‘என்எம்என்’ என்றும் ஆங்கில எழுத்தில் குறிக்கச் சொல்லி ஃபார்மிலேயே விளக்கம் இருக்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை. ஆனால் கொடுத்தால் வேறொருவரோடு உங்களைக் குழப்பிக்கொள்வது குறையும். நான் என்றால் கொடுத்துவிடுவேன்.

உங்கள் பழைய வழக்கும் காரணமாக இருக்கலாம். கைது ஆனது பதிவில் ஏறியிருக்கும். தள்ளுபடியானது ஏறாமல் விட்டுப்போயிருக்கும். இது அடிக்கடி நடப்பது. பதிவு அரைகுறையாக நிற்பதால், ஆய்வாளர் அந்த நீதிமன்றத்திடமோ காவல் துறையிடமோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார். வழக்கு நடந்த கவுண்டியின் நீதிமன்ற எழுத்தரிடம், வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். மறுப்பு வந்து மேல்முறையீடு செய்ய நேர்ந்தாலும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

மூன்று வேலை நாளுக்குள் முடிவு வராவிட்டால் துப்பாக்கியைக் கொடுக்க மத்தியச் சட்டம் கடைக்காரரை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கடைக்காரர் கொடுக்காமல் காத்திருக்கிறார் என்றால் அவரோடு சண்டை போடாதீர்கள். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைச் சுட்டுக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது இந்த மூன்று நாள் விதியால்தான். அவனுடைய பதிவிலிருந்த ஒரு பிழையால் சோதனை முடியாமல் கிடந்தது. அந்த வேதனை தெரிந்தவர்கள் காத்திருப்பதை நான் மதிக்கிறேன்.

கடைக்காரரிடம் உங்கள் சோதனைக்கு நிக்ஸ் கொடுத்த அடையாள எண்ணான ‘என்டிஎன்’-ஐக் கேட்டு வாங்குங்கள். ஒரு சோதனை 30 நாள்தான் செல்லும்; தாண்டினால் மறுபடி முதலிலிருந்து சோதனை. 88 நாள்வரை முடிவாகாவிட்டால் எஃப்.பி.ஐ. அந்த விவரத்தையே அழித்துவிடும். அடுத்த முறையும் இதே கதை ஆகக் கூடாது என்றால் உங்கள் விவரத்தை எஃப்.பி.ஐ. முன்கூட்டியே சரிபார்த்துக் கோப்பில் வைத்துக்கொள்ளும் ‘வாலண்டரி அப்பீல் ஃபைல்’ திட்டத்தில் கைரேகையோடு விண்ணப்பியுங்கள். ஒப்புக்கொண்டால் ‘யூபின்’ என்ற தனி அடையாள எண் தருவார்கள். பின்னர் வாங்கும்போது ஃபார்மில் அதை எழுதலாம். அதுவும் உடனே கிடைக்காது, ஆகவே இப்போதே தொடங்குங்கள்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். சாதாரண ரைஃபிளுக்கு மத்திய அரசுப் பதிவேடு கிடையாது. அப்படியொன்றை உருவாக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ‘ப்ரொசீட்’ ஆன சோதனையில் உங்கள் அடையாள விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும். ஃபார்ம் 4473 மட்டும் கடையில் இருக்கும். இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர் போன்றவை 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுக்குத்தான் மத்தியப் பதிவேடு, கைரேகை, தனி விண்ணப்பம் எல்லாம். உங்கள் வேட்டை ரைஃபிள் அந்தக் கணக்கில் வராது.