ரோத்தன்பூர்க் கிறிஸ்துமஸ் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளுடன் போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு வயது மகனையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ரோத்தன்பூர்க்கிலுள்ள ஜெர்மன் கிறிஸ்துமஸ் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா, நூரம்பெர்க்கிலிருந்து இரண்டு இடத்தில் ரயில் மாறிப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது, கிறிஸ்தவர்கள் அல்லாத உங்களுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் டிசம்பர் கூட்டத்தில் அல்ல, நவம்பர் தொடக்கத்திலேயே போய்விடுங்கள் என்பது பதினான்கு ஆண்டுகளாக இங்கே ஜெர்மனியில் பிள்ளை வளர்ப்பவள் என்ற முறையில் என் யோசனை.

அதற்குக் காரணம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் உங்கள் மகனின் மழலையர் பள்ளியில் 5ஆம் தேதி இரவு காலணியைத் துடைத்து வாசலில் வைக்கச் சொல்வார்கள்; மறுநாள் ஆயர் தொப்பியும் கோலுமாக நிக்கோலஸ் வருவார்; பரிசு கொண்டுவருவதோ அவர் அல்ல, 24ஆம் தேதி மாலையில் வரும் கிறிஸ்ட்கிண்ட், அதாவது குழந்தை இயேசு. நாகர்கோவிலில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கே இது புதிதாக இருந்தது. வாசலில் நட்சத்திரம், வீட்டில் குடில், 25 விடியற்காலையில் ஆராதனை என்று வளர்ந்தவள் நான். முதல் ஆண்டு என் மகனிடம் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார் என்று சொல்லி அனுப்பினேன்; அப்படி யாரும் வரமாட்டார் என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் அடித்துச் சொன்னதில் அவன் அழுதுகொண்டே வீடு திரும்பினான். அருங்காட்சியகத்தை முன்கூட்டியே பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

அருங்காட்சியகம், ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் பொருள்களையே விற்கும் கேத்தே வோல்ஃபார்ட் கடையின் மாடியில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. கடையைக் கடந்துதான் அங்கே போக வேண்டும் என்பதில்தான் சிக்கலே. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கண்ணாடிப் பொருள்கள் தொங்கும், விலையும் குறைவல்ல. ஆளுக்கு ஒரே ஒரு சிறிய மரப்பொம்மை என்று ரயில் ஏறும்போதே பேசி முடித்துவிடுங்கள். முதுகுப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். குழந்தை கேட்ட எதற்கோ நீங்கள் சட்டென்று திரும்பினால் பை ஒரு வரிசையையே தட்டிவிடும்.

மேலே போனால், இந்தப் பொருள்களுக்குப் பின்னால் இருப்பது எளிய மக்களின் பிழைப்பு என்பது புரியும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகள் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்து லவுஷா ஊரில் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுப் பட்டறைகளில் ஊதிச் செய்யப்பட்டவை; மரப்பொம்மைகள், சுரங்கத்தில் வேலை குறைந்தபோது எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியினர் கடைசல் வேலைக்குத் திரும்பியதால் பெருகியவை. இவ்வளவையும் நான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டாம். அவனை மரக் கோபுரத்தின் முன் நிறுத்திவிட்டு, கீழே மெழுகுவத்தி ஏற்றினால் சூடான காற்று மேலெழுந்து உச்சியிலுள்ள இறக்கைகளைச் சுழற்றும், அதனால் தட்டிலுள்ள பொம்மைகளும் சுற்றும் என்று மட்டும் சொல்லுங்கள்.

என் மகனைக் கட்டிப்போட்டது புகைவிடும் மரத்தாத்தா. இடுப்பில் இரண்டாகக் கழற்றி, உள்ளே கூம்பு வடிவ நறுமணப் புகைக்கட்டியைப் பற்றவைத்து மூடினால், வட்டமான வாய் வழியே புகை வரும். எங்களுக்கான ஒரு பொருளாக அதைத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் சாம்பிராணியை அதில் வைத்துப் பார்த்தோம்; வில்லை பெரிதாக இருந்ததால் மேல்பாகம் மூடவில்லை, தாத்தாவின் வயிற்றிலிருந்தே புகை கிளம்பியது. மகன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மத விஷயத்தில் தயங்க வேண்டாம். அங்கே வழிபாடு எதுவும் இல்லை. தாள், மெழுகு, பஞ்சு ஆகியவற்றால் செய்த பழைய அலங்காரங்களும், டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை நாளுக்கு ஒன்றாகத் திறக்கும் 24 கதவுகள் கொண்ட அட்வெந்து நாள்காட்டிகளும்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குமேல் சின்னவன் தாங்கமாட்டான். பிறகு நகர மதிலின் மேல் நடக்கவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

பயணத்துக்கு இருவருக்கான பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநில ரயில்களுக்கான ஒருநாள் சீட்டு, எடுத்தால் போதும், பிள்ளைகள் இலவசமாகவே உடன் வரலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகே அது செல்லும். அன்ஸ்பாக்கிலும் ஷ்டைனாக்கிலும் மாற வேண்டும். தெருக்கள் முழுவதும் கருங்கல் பாவியவை என்பதால் சிறு சக்கரத் தள்ளுவண்டி உதவாது. ஜனவரி முதல் மார்ச் வரை திறக்கும் நேரம் குறைவு என்பதால், அப்போது போவதானால் முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே விற்கும் ஷ்னேபாலை, அதாவது மாவுப் பட்டைகளை உருண்டையாக்கிப் பொரித்துச் சர்க்கரை தூவியதை, பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். முந்திரிக்கொத்து தின்று வளர்ந்த எனக்கு அது கண்ணுக்குத்தான் பலகாரம். நால்வருக்கும் சேர்த்து ஒன்று வாங்குங்கள், ரயிலில் ஏறுமுன் தின்று முடித்துவிடுங்கள். கோட்டில் கொட்டிய சர்க்கரையை நடைமேடையிலேயே தட்டிவிடலாம்.