மகளுக்கு ஏபி யூஎஸ் ஹிஸ்டரி தேர்வுக்கு நல்ல ட்யூட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம்: மகள் அமெரிக்காவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், ஏபி (பள்ளியிலேயே கல்லூரி அளவில் படிக்கும் பாடம்) யூஎஸ் ஹிஸ்டரி வகுப்பில் பி கிரேடு, தேர்வு மே மாதம், இப்போது ஜனவரி. நீங்கள் இருவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள் என்பதால் இந்தப் பாடத்தில் கைகொடுக்க முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோச்சிங் மையம் "முப்பது மணி நேரத்தில் முழு சிலபஸையும் முடித்துத் தருகிறோம்" என்கிறது. சேர்க்கலாமா?

வேண்டாம். பாடம் நடத்துவதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர் இருக்கிறார், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் ஏபி கிளாஸ்ரூம் தளத்தில் தலைப்புவாரியாக ஏபி டெய்லி வீடியோக்கள் இருக்கின்றன, கான் அகாடமி இருக்கிறது. எல்லாம் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியது வேறு: உங்கள் மகள் எழுதிய கட்டுரையை ரூப்ரிக்கை (எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற திருத்தும் விதிப் பட்டியலை) பக்கத்தில் வைத்துத் திருத்தி, எந்த மதிப்பெண் எந்த வாக்கியத்தில் போனது என்று விரல் வைத்துக் காட்டும் ஆள். அப்படி ஒருவரைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

மதிப்பெண் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். தேர்வு மொத்தம் 3 மணி 15 நிமிடம். விடையைத் தேர்ந்தெடுக்கும் 55 எம்சிக்யூ கேள்விகளுக்கு 55 நிமிடம், 40 சதவீதம். மூன்று எஸ்ஏக்யூ குறுவிடைகளுக்கு 40 நிமிடம், 20 சதவீதம். ஏழு ஆவணங்களைப் படித்து எழுதும் டிபிக்யூவுக்கு, படிக்கும் 15 நிமிடத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம், 25 சதவீதம். எல்இக்யூ என்ற நீண்ட கட்டுரைக்கு 40 நிமிடம், 15 சதவீதம். டிபிக்யூவுக்கு ரூப்ரிக்கில் இருப்பது வெறும் 7 மதிப்பெண். 25ஐ ஏழாகப் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் மூன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். எம்சிக்யூ ஒன்றின் எடை முக்கால் சதவீதம்கூட இல்லை. ஆக, டிபிக்யூவில் ஒரு மதிப்பெண் கூட வாங்குவது ஏறக்குறைய ஐந்து எம்சிக்யூவைச் சரியாகப் போடுவதற்குச் சமம். ஐந்து எம்சிக்யூவுக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று யோசியுங்கள். டிபிக்யூவின் அந்த ஒரு மதிப்பெண் பல பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கிய தூரத்தில்தான் இருக்கும்.

நம் ஊரில் வரலாறு என்றால் ஆண்டு, போர், உடன்படிக்கை, சிறுகுறிப்பு. போர்ஷனை முடித்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அந்தப் பழக்கத்தில்தான் பெற்றோர் "சிலபஸ் முடிக்கும்" ட்யூட்டரிடம் போய் விழுகிறார்கள். அவர் 1491இல் தொடங்கி வாரம் ஒரு அத்தியாயம் நடத்துவார். மார்ச் கடைசியில் உள்நாட்டுப் போருக்கு வந்து நிற்பார். பிள்ளை அதுவரை நேரம் வைத்து ஒரு கட்டுரைகூட எழுதியிருக்காது.

ட்யூட்டரைத் தேடும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். காலேஜ் போர்டின் ஏபி சென்ட்ரல் தளத்தில் முந்தைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகளும், மதிப்பெண் வழிகாட்டியும், உண்மையான மாணவர் விடைகளும் அவற்றுக்கு என்ன மதிப்பெண் போடப்பட்டது, ஏன் என்ற விளக்கமும் இருக்கின்றன. 2024 அல்லது அதற்குப் பிந்தைய ஒரு டிபிக்யூவை எடுத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, லேப்டாப்பில் 60 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். கையால் எழுத வேண்டாம். 2025 மே முதல் இந்தத் தேர்வு கணினியில், காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில்தான் நடக்கிறது. எழுதி முடித்ததும் திருத்தாமல் அப்படியே எடுத்து வையுங்கள். ட்யூட்டரைச் சோதிக்க உங்களிடம் இருக்கப்போகும் முக்கியமான கருவி அதுதான். கூடவே, ஏபி கிளாஸ்ரூமில் உள்ள புரோகிரஸ் செக் என்ற பயிற்சித் தேர்வுகளைத் திறந்துவிடும்படி மகளை வகுப்பு ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் திறந்தால்தான் மாணவரால் எழுத முடியும். எம்சிக்யூவில் எந்த யூனிட் பலவீனம் என்பது அதில் தெரிந்துவிடும்.

சரி, ஆள் எங்கே கிடைப்பார்? முதலில் வகுப்பு ஆசிரியரிடமே கேளுங்கள். தன் மாணவரிடம் காசு வாங்கிச் சொல்லித்தரப் பல பள்ளி மாவட்டங்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் பக்கத்துப் பள்ளியில் இதே பாடம் எடுப்பவரையோ ஓய்வு பெற்ற ஒருவரையோ அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்தபின் நாடு முழுவதும் இருந்து பள்ளி, கல்லூரி ஆசிரியர்களை வைத்துக் காலேஜ் போர்டு விடைகளைத் திருத்துகிறது. அவர்களுக்கு ஏபி ரீடர் என்று பெயர். அண்மை ஆண்டுகளில் ரீடராக இருந்த ஒருவர் கிடைத்தால் மற்ற தகுதிகளை அதிகம் தோண்ட வேண்டாம்.

அடுத்த இடம் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறை. முனைவர் பட்ட மாணவர்கள் விஷயத்தில் கரை கண்டவர்கள், ஆனால் ரூப்ரிக் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு நல்ல கட்டுரை வேறு, இந்தத் தேர்வுக்கு நல்ல கட்டுரை வேறு. ரூப்ரிக்கை உட்கார்ந்து படிக்கச் சம்மதிப்பவர் என்றால் எடுத்துக்கொள்ளலாம். போன ஆண்டு இந்தத் தேர்வில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கிய கல்லூரி மாணவர் மலிவாகக் கிடைப்பார், தான் செய்ததைச் சொல்வார். உங்கள் மகள் செய்யும் தவறு அவர் செய்யாத தவறு என்றால் திணறுவார். எம்சிக்யூ பயிற்சிக்குத் துணையாக அவர் போதும். கால்குலஸ் சொல்லித்தருபவர் "ஹிஸ்டரியும் சேர்த்துப் பார்த்துக்கிறேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். இன்னொன்று, உங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் தளத்தைப் பாருங்கள். பல நூலகங்கள் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆன்லைன் ட்யூட்டரிங் சேவையை இலவசமாகத் தருகின்றன. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வருவார் என்பதால் நீண்ட காலத்துக்கு ஆகாது, அவசரச் சந்தேகத்துக்கு நல்லது.

முதல் போன் பேச்சிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "டிபிக்யூவில் ஆவணச் சான்றுக்கான முழு மதிப்பெண் வாங்க எத்தனை ஆவணங்களைப் பயன்படுத்த வேண்டும்? எத்தனை ஆவணங்களுக்கு சோர்ஸிங் எழுத வேண்டும்?" விடை நான்கு, இரண்டு. (சோர்ஸிங் என்றால், ஆவணத்தை எழுதியவர் யார், எந்தச் சூழலில், எதற்காக எழுதினார் என்பது வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று விளக்குவது.) ஆறு, மூன்று என்று சொன்னால் அவர் கையில் இருப்பது 2023-24 கல்வியாண்டில் மாறுவதற்கு முந்தைய ரூப்ரிக். அதை வைத்துப் பழகும் பிள்ளை தேவையில்லாமல் கூடுதல் ஆவணங்களைத் துரத்தி நேரத்தை இழக்கும். 80 எம்சிக்யூ உள்ள பயிற்சிப் புத்தகத்தை அவர் எடுத்தால் இன்னும் மோசம், அது 2015க்கு முந்தைய தேர்வு.

அடுத்து, எடுத்து வைத்த அந்தக் கட்டுரையை முந்தைய நாளே அனுப்பி, முதல் வகுப்பில் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். நல்லவர் எப்படித் திருத்துவார் என்று ஓர் எடுத்துக்காட்டு. 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் என்ற பொருளாதார மீட்புத் திட்டம் மத்திய அரசின் பங்கை எந்த அளவுக்கு மாற்றியது என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை எழுதுவது: "நியூ டீல் அமெரிக்காவைப் பல வழிகளில் பெரிதும் மாற்றியது." இதற்கு தீசிஸ் (மைய வாதம்) மதிப்பெண் கிடையாது. கேள்வியையே திருப்பிச் சொல்கிறது, வாதத்துக்கு வழி காட்டவில்லை. "நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் விரிவாக்கு" என்று சொல்லும் ட்யூட்டர் உங்களுக்கு வேண்டாம். சரியானவர் இப்படி மாற்ற வைப்பார்: "1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் முதுமைக்கும் வேலையின்மைக்கும் மத்திய அரசு பொறுப்பேற்றது பெரிய மாற்றம்தான். ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் அந்தச் சட்டம் விலக்கியதால், தெற்கின் கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு மாற்றம் அரைகுறையாகவே வந்தது." எந்த அளவுக்கு என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது, அடுத்த இரண்டு பத்திகளும் தாமே தெரிகின்றன.

சோர்ஸிங்கிலும் இதே கதை. ஏழு ஆவணங்களில் ஒன்று செனட்டர் ஹியூயி லாங் 1934இல் "ஷேர் அவர் வெல்த்" திட்டத்துக்காகப் பேசியது என்றால், "லாங் லூசியானா செனட்டர், ரூஸ்வெல்ட் போதுமான அளவு செய்யவில்லை என்கிறார்" என்று பிள்ளை நிறுத்திவிடும். அது சுருக்கம் மட்டுமே. ரூஸ்வெல்ட்டுக்கு இடப்பக்கத்திலிருந்து போட்டியாக வளர நினைத்தவர் லாங், ஆகவே நியூ டீலைச் சிறிதாகக் காட்டுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது, இந்த அழுத்தம் 1935இன் சட்டங்களுக்குப் பின்னணியாக இருந்தது என்று வாதத்தோடு முடிச்சுப் போட்டால்தான் மதிப்பெண். "யார் சொன்னார்" என்பதிலிருந்து "அதனால் என் வாதத்துக்கு என்ன" என்பதற்குப் பிள்ளையைத் தள்ளுபவரா என்று கவனியுங்கள். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அமெரிக்க வரலாறு தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே தெரியும்.

விஷய அறிவைச் சோதிக்க வேண்டுமானால், அமெரிக்கச் சீர்திருத்த இயக்கத்தாரான பாப்புலிஸ்ட்களுக்கும் புரோகிரசிவ்களுக்கும் என்ன வேறுபாடு என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் அது. முன்னவர்கள் தெற்கிலும் மேற்கிலும் இருந்த விவசாயிகள், அவர்கள் கட்சியின் 1892 ஒமாஹா கொள்கை அறிக்கை, வெள்ளி நாணயம், ரயில்வே அரசுடைமை. பின்னவர்கள் பெரும்பாலும் நகர நடுத்தர வர்க்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். இதோடு நிற்காமல், பாப்புலிஸ்ட்கள் கேட்ட வருமான வரியும் செனட்டர்களுக்கு நேரடித் தேர்தலும் 1913இல் அரசியலமைப்பின் 16, 17ஆவது திருத்தங்களாக வந்தன என்று தொடர்ச்சியையும் எடுத்துக் கொடுப்பவர் தேர்வுக்கு வேண்டியபடி யோசிக்கிறார். தொடர்ச்சியும் மாற்றமும், காரணமும் விளைவும், ஒப்பீடு, இந்த மூன்று கோணங்களில்தான் கேள்விகள் வரும்.

ஆள் அமைந்துவிட்டால் வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு வகுப்பு தாராளம். முப்பது மணி நேரம் தேவையே இல்லை. டிபிக்யூ 1754 முதல் 1980 வரையிலிருந்துதான் வரும், 3 முதல் 8 வரையுள்ள யூனிட்டுகள் ஒவ்வொன்றும் 10 முதல் 17 சதவீதம். ஆகவே அங்கே தொடங்கட்டும். முதல் யூனிட்டும் ஒன்பதாவதும் தலா 4 முதல் 6 சதவீதம்தான், வீடியோ பார்த்துத் தானாகப் படித்துக்கொள்ளலாம். எல்இக்யூவில் மூன்று காலப்பகுதிகளிலிருந்து மூன்று கேள்வி வரும், ஒன்றுக்கு எழுதினால் போதும். இரண்டு பகுதிகளில் பலமாக இருந்தாலே பயம் இல்லை.

வகுப்புக்கு வெளியே வாரம் ஒரு கட்டுரை நேரம் வைத்து எழுத வேண்டும், வகுப்புக்கு 24 மணி நேரம் முன்பே ட்யூட்டருக்குப் போய்விட வேண்டும். வகுப்பிலேயே உட்கார்ந்து அவர் படித்தால் உங்கள் காசில் இருபது நிமிடம் போச்சு. திருத்தியபின் முழுக் கட்டுரையையும் மறுபடி எழுத வேண்டாம், மதிப்பெண் போன பத்தியை மட்டும். அவரே வாக்கியம் எழுதிக் கொடுத்துப் பிள்ளை காப்பி அடிப்பது நடந்தால் உடனே நிறுத்துங்கள். ஏஐயிடம் எழுதி வாங்கி அனுப்புவதும் நடக்கும். கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லி வெர்ஷன் ஹிஸ்டரி பார்த்தால் தெரிந்துவிடும். ஆங்கில இலக்கணத்தில் அவர் நேரம் செலவழித்தால் தடுங்கள். கருத்து புரியும் வரை இலக்கணப் பிழைக்கு இந்த ரூப்ரிக்கில் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். டிபிக்யூவில் காம்ப்ளெக்ஸிட்டி (வாதத்தின் நுணுக்கம்) என்ற கடைசி மதிப்பெண்ணை மற்ற ஆறும் கைக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மூன்று வகுப்புக்கு மட்டும் பேசுங்கள். மூன்றாவதன் முடிவில் புதிய டிபிக்யூ ஒன்றை எழுதச் சொல்லி, ஏபி சென்ட்ரலில் உள்ள மாதிரி விடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், பிப்ரவரியில் அதற்கு நேரம் இருக்கிறது. "5 கேரண்டி" என்பவரிடம் மூன்று வகுப்புக்குக்கூடப் போக வேண்டாம்.

ஏப்ரல் கடைசி இரண்டு வகுப்பும் நேர மேலாண்மைக்கு. டிபிக்யூவிலேயே 75 நிமிடத்தைக் கரைத்துவிட்டு எல்இக்யூவுக்கு 25 நிமிடத்தோடு தவிப்பதுதான் நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கும் வழக்கமாக நேர்வது. இரண்டையும் சேர்த்து 100 நிமிடம் ஒரே மூச்சில் எழுதிப் பழகட்டும். எம்சிக்யூவில் தவறுக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை, ஒன்றையும் காலியாக விடக் கூடாது என்பதையும் அப்போது ஒருமுறை நினைவூட்டச் சொல்லுங்கள்.