வடம் பிடித்த கூட்டம்

அன்புள்ள அண்ணா,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. வேதியியல். சோப்பு மாதிரியான ஒரு பொருளை அச்சாக வைத்து, சுற்றிலும் சிலிக்கா வளர்ந்த பிறகு அச்சை எரித்துவிட்டால் சீரான துளைகள் கிடைக்கும் என்று படித்தேன். நம் சேவைநாழி மாதிரிதானே? இதைத் தமிழில் எழுதினால் யாராவது படிப்பார்களா? எனக்கு மலையாளமும் அரைகுறை, ஆங்கிலமும் அரைகுறை.

அன்புள்ள தங்கைக்கு,
யார் படிப்பார்கள் என்பதை விடு. நீ எழுது. ஆனால் ‘அரைகுறை’ என்று இன்னொரு தடவை எழுதினால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளை எப்படியம்மா அரைகுறை ஆவாள்?

அந்த ‘அச்சு’தான் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. சேவைநாழியில் துளை முதலிலேயே இருக்கிறது, மாவு அப்புறம் வருகிறது. இங்கே அப்படி இல்லை. 1992இல் எம்.சி.எம்-41 என்ற இந்தத் துளைச் சிலிக்காப் பொடியை வெளியிட்ட மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்களே இரண்டு வழி இருக்கலாம் என்றுதான் எழுதினார்கள்: அச்சு முன்பே இருக்கலாம், அல்லது சிலிக்கா வந்த பிறகே உருவாகலாம். அடுத்த ஆண்டே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா குழு இன்னும் தெளிவாகச் சொன்னது. நீ கலக்கும் அந்தச் சோப்பு மாதிரிப் பொருளான சி.டி.ஏ.பி.யின் கரைசலில் மூலக்கூறுகள் வாலை உள்ளே மடக்கி, தலையை வெளியே நீட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகத்தான் திரிகின்றன. அறுகோண அடுக்கு அங்கே கிடையாது. கரைந்த சிலிக்காவான எதிர்மின் சிலிகேட் சங்கிலி வந்து, ஒன்றே பல நேர்மின் தலைகளைப் பிடிக்கிறது. அப்போதுதான் உருண்டை நீண்டு குழலாகிறது, குழல்கள் அடுக்காகின்றன.

ஐப்பசியில் அப்பா என்னைப் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேருக்குக் கூட்டிப்போவார். வடம் தெருவில் வளைந்து நெளிந்து கிடக்கும். ஜனம் திண்ணையோரம் கொத்துக்கொத்தாக நிற்கும். குரல் கேட்டதும் பத்துப் பேர் பிடிப்பார்கள், அப்புறம் நூறு பேர். வடமும் நேராகும், ஜனமும் வரிசையாகும். இதில் எது எதற்கு அச்சு? வீட்டுக்கு வந்ததும் அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். கயிற்றின் முறுக்கு அப்படியே சிவப்பாகப் பதிந்திருக்கும். நான்தான் தேங்காயெண்ணெய் தடவுவேன். அந்தக் கையை நினைக்காமல் இந்தப் பொடியை என்னால் எடைபோட முடிந்ததில்லை.

துளையின் அளவைப் பற்றி நீயே படித்துக்கொள். வால் நீண்டால் துளை அகலும், அவ்வளவுதான். ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைப்பது அதற்குப் பிறகு.

எரிக்கும்போது மட்டும் அவசரப்படாதே. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி, 550இல் ஆறு மணி நேரம் வை. பொடி சாம்பல் நிறமாக வந்தால் உள்ளே கரி தங்கிவிட்டது, மறுபடி வை. என்ன நிறத்தில் வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. தமிழில் எழுது.