உபுண்டு 24.04-க்கு மாறியதும் ஓப்பன்விபிஎன் இணையவில்லை, என்ன செய்வது?

உபுண்டு 20.04-இல் ஒழுங்காக ஓடிய அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு), 22.04 வழியாக 24.04-க்கு வந்ததும் வெறுமனே ‘இணைப்பு தோல்வி’ என்கிறது, அப்படித்தானே? பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதில் பயனில்லை. அந்த அறிவிப்பு ஒன்றும் சொல்லாது. டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையால், உபுண்டுவில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி இணையுங்கள். காரணம் அங்கேதான் வந்து விழும்.

பெரும்பாலும் சைஃபர், அதாவது தரவை மறையாக்கும் முறை, பற்றிய தகராறுதான். 20.04-இல் இருந்தது ஓப்பன்விபிஎன் 2.4, இணைப்பு அமைப்புகள் உள்ள ஓவிபிஎன் கோப்பின் ‘சைஃபர்’ வரியை அது அப்படியே ஏற்கும். 24.04-இல் வரும் 2.6 அந்த வரியைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. ஏஇஎஸ்-256-ஜிசிஎம் போன்ற மறையாக்க முறைகளை மட்டுமே முன்வைக்கும். பழைய சர்வர் ஏஇஎஸ்-256-சிபிசி என்ற பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தால் பேச்சு முறியும். ஓவிபிஎன் கோப்பில் ‘டேட்டா-சைஃபர்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்து, ஜிசிஎம் வகைகளோடு ஏஇஎஸ்-256-சிபிசியையும் முக்காற்புள்ளியிட்டு எழுதுங்கள். அப்புறம் அந்தக் கோப்பை டெர்மினலிலேயே நேரடியாக ஓட்டிப் பாருங்கள். அங்கே இணைந்தால் நெட்வொர்க்மேனேஜரில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இறக்குமதி செய்தால் போதும்.

பதிவில் சான்றிதழின் கையொப்பம் பலவீனம் என்று வந்தால் கதை வேறு. 22.04 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 (சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிரல்தொகுப்பு) இருப்பதால், எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட சான்றிதழ்கள் தள்ளுபடி. பாதுகாப்பு நிலையைக் குறைத்து ஒப்பேற்றலாம், ஆனால் நான் அதைச் செய்யமாட்டேன். புதுச் சான்றிதழை நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள்.