அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை. என் மரபணு ரிப்போர்ட்டில் 'அழற்சி அதிகம்' என்கிறார்கள். எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீராது. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டுத்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கமெண்டில் வந்து திட்டக்கூடாது. என் தம்பிக்கு இதே மாதிரி ஒரு ரிப்போர்ட் வந்ததால் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

அவனுக்கு டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற இரண்டு மரபணுக்களில் (அழற்சியை, அதாவது காயம், கிருமிக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினையை, தூண்டும் புரதங்களை உருவாக்குபவை) மாற்றம் என்று போட்டிருந்தார்கள், கூடவே ரத்தத்தில் சிஆர்பி (அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதம்) அதிகம். ரிப்போர்ட் வந்த கையோடு அந்த நிறுவனத்திலிருந்து போன். "உங்களுக்குப் பிறவியிலேயே அழற்சி உடம்பு சார், எங்கள் மாத்திரையைச் சாப்பிட்டால் சர்க்கரை வராது." போனை நான் வாங்கி, இந்த மாற்றத்தால் ஆபத்து எத்தனை மடங்கு கூடும் என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, டிசிஎஃப்7எல்2 என்ன ஆச்சு என்றேன். அந்தப் பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை! 2006-இல் கண்டுபிடித்தது அது, டைப் 2 சர்க்கரைக்குப் பரவலாகக் காணப்படும் மரபணு மாற்றங்களில் மிக வலுவானவற்றில் ஒன்று. அதுவே ஒரு பிரதிக்கு (அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டு பிரதி) சுமார் 1.4 மடங்குதான் ஆபத்தைக் கூட்டுகிறது, அதுவும் முக்கியமாகக் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்து.

சிஆர்பி கதை இன்னும் மோசம். ரத்தம் கொடுத்த சமயத்தில் அவனுக்கு ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய பிறகு எடுத்துப் பார்த்தால் சிஆர்பி இயல்பு நிலை. சளி, காய்ச்சல், சீழ் எது இருந்தாலும் அது ஏறும், இதைக்கூட ரத்தம் எடுக்கும்போது கேட்கமாட்டார்களா?

அழற்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுக் கொழுப்பு பெருகும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூடி, டிஎன்எஃப் போன்றவற்றைச் சுரந்து இன்சுலின் வேலையைக் கெடுக்கின்றன, கொழுப்பிலிருந்து வரும் டிஎன்எஃப் இப்படிக் கெடுப்பதைப் பருமனான எலிகளில் 1993-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் மாரடைப்பு வந்த 10,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய கான்டோஸ் ஆய்வில், அழற்சியைக் குறைக்கும் ஊசி சிஆர்பியை நன்றாகவே இறக்கியது, புதிதாகச் சர்க்கரை வருவதை மட்டும் தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய மருந்தாலேயே முடியாததை இவர்கள் மாத்திரை செய்யுமாம்.

   

நீங்கள் செய்ய வேண்டியது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பது. சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய, 2002-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட நடை என்று இலக்கு வைத்ததில் ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. டிசிஎஃப்7எல்2 மாற்றம் இரண்டு பிரதியும் இருந்தவர்களுக்கும் அது பலன் தந்தது.

ஒன்று மட்டும். உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக, ஒல்லியானவர்களுக்கும் 25 வயதுக்குள் சர்க்கரை வந்திருந்தால் அது 'மோடி' (MODY) எனப்படும் ஒற்றை மரபணு வகையாக இருக்கலாம். அதற்கு மரபணு டெஸ்ட் உண்மையிலேயே தேவை, சர்க்கரை நோய் நிபுணரிடம் கேளுங்கள், போனில் மாத்திரை விற்பவரிடம் அல்ல.